ஒரே ஒரு செல்ஃபியிலிருந்து ஒரு தலை: லென்ஸ், வெளிச்சம், சிரிப்பு ஆகியவற்றைக் கழித்த விதம்

மருத்துவ மாணவர்கள் நோயாளியிடம் பேசிப் பழகுவதற்கான ஒரு பயிற்சி மென்பொருள். அதில் அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண் நெஞ்சு வலியோடு வந்து உட்காருவார், மாணவர் கேட்பதற்குப் பதில் சொல்வார், நடுநடுவே வலி கூடும்போது முகம் மாறும். அந்த மாற்றத்தை மாணவர் கவனிக்கிறாரா என்பதுதான் பயிற்சியே. ஆக, முகம் திரையை நிறைத்து நிற்கும், எதையும் மறைக்க இடமில்லை. பாத்திரத்துக்கு முகம் தர ஒரு மேடை நாடகக் கலைஞர் எழுத்து மூலம் சம்மதித்திருந்தார். அவர் தொலைவில் இருந்ததால் ஸ்கேன் எடுக்க வழியில்லை. கைக்கு வந்தது அவரே எடுத்து அனுப்பிய ஒரு செல்ஃபி. அதை வைத்துத்தான் கணினிக்குள் அவருடைய முப்பரிமாணத் தலையைக் கட்ட வேண்டும். கூடுதலாக இரண்டு படங்கள் பின்னால் கேட்டு வாங்கினோம், அது எங்கே தேவைப்பட்டது என்று அந்த இடத்தில் சொல்கிறேன்.

இந்த வேலையைப் பற்றிக் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. புகைப்படத்தில் முகம் தனியாக இருப்பதே இல்லை. எடுத்த லென்ஸ், அன்றைக்கு இருந்த வெளிச்சம், அந்த நொடியில் உதட்டில் இருந்த சிரிப்பு, இவை எல்லாம் முகத்தோடு ஒரே பிக்சலுக்குள் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஆளுடைய தலை. கழிக்காமல் விட்டதெல்லாம் பின்னால் அசைவில், வேறு வெளிச்சத்தில், வேறு கோணத்தில் வெளியே வந்தே தீரும்.

முதலில் வந்த தலை

படத்தைத் தானியங்கி மென்பொருளில் போட்டதும் சில நிமிடங்களில் ஒரு தலை வந்துவிட்டது. நேராகப் பார்த்தால் அச்சு அசல் அவர்தான். கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பியதும் ஆள் மாறிவிட்டார். அவரைத் தெரிந்தவர்களிடம் காட்டினோம். "அவங்க தங்கச்சி மாதிரி இருக்கு" என்றார் ஒருவர், மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய பதில்.

ஏன் தங்கை போல வருகிறது என்பதற்குக் காரணம் இந்த மென்பொருள்களின் அடியில் இருக்கும் முறையிலேயே இருக்கிறது. 1999-ல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஃபோல்கர் பிளான்ஸ், தோமஸ் ஃபெட்டர் என்ற இருவர் ஒரு முறையை முன்வைத்தார்கள். 100 ஆண்கள், 100 பெண்கள் என 200 பேரின் தலைகளை லேசரால் ஸ்கேன் செய்து, எல்லாவற்றுக்கும் ஒரு சராசரித் தலையைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு முகமும் அந்தச் சராசரியிலிருந்து எந்தெந்தத் திசையில் எவ்வளவு விலகுகிறது என்று எண்களாக்கினார்கள். புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், அதற்குப் பொருந்தும் எண்களைக் கணினி தேடும். 2017-ல் வந்த ஃபிளேம் என்ற மாதிரியும் இதே வழிதான், 5023 புள்ளிகள் கொண்ட ஒரு தலை, அதன் வடிவத்துக்கு 300 எண்கள், பாவனைக்குத் தனியாக 100 எண்கள். படத்தில் தெளிவாகத் தெரியாத எதையும் இந்த முறை சராசரியிலிருந்துதான் நிரப்பும். அந்தச் சராசரி யாருடைய முகங்களால் ஆனது என்பதும் முக்கியம், 2009-ல் வெளியாகிப் பரவலாகப் பயன்பட்ட பாசல் முக மாதிரியில் ஸ்கேன் செய்யப்பட்ட 200 பேரில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள். எனவே நேரெதிரே எடுத்த படத்தில் மூக்கின் உயரமும் தாடையின் நீட்டமும் சரியாகத் தெரியாதபோது, அங்கே வந்து உட்காருவது வேறு யாரோ பலரின் மூக்கும் தாடையும்தான். மிச்சம் அவருடையது. இரண்டும் சேர்ந்தால் தங்கை.

இதற்கு மேல் ஒரு ஏமாற்று வேலையும் நடக்கிறது. மென்பொருள் படத்தையே தோலாகத் தலைமேல் ஒட்டிவிடுகிறது. எந்தத் தலையில் ஒட்டினாலும் நேராகப் பார்க்கும்போது அது அந்தப் படம் மாதிரியே தெரியும், ஏனென்றால் நாம் பார்ப்பது படத்தைத்தான். அதனால் முதல் வேலையாகத் தோலைக் கழற்றி எறிந்தேன். வெறும் சாம்பல் நிறத் தலை, கண்கூட வண்ணமில்லாமல். இந்தக் களிமண் நிலையில் தெரிந்தவர்கள் அடையாளம் சொல்லும்வரை தோல் பூசக் கூடாது என்று முடிவு செய்தோம். யார் இந்த வேலை செய்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

லென்ஸைக் கழிப்பது

செல்ஃபி என்றால் கை நீளத் தூரம். கை நீளத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. போட்டுவிடலாம், கஷ்டமில்லை.

கேமராவின் ஃபோக்கல் லென்த் (லென்ஸின் குவியத் தூரம்) படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும். ஒரு நிபந்தனை, மூலக்கோப்பு வேண்டும். செய்திச் செயலி வழியாக வந்த படத்தில் அந்தத் தகவல் பெரும்பாலும் உதிர்ந்து போயிருக்கும். வெட்டி அனுப்பிய படமும் ஆகாது, ஏனென்றால் லென்ஸின் நடுப்புள்ளி எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும். மூலக்கோப்பை மின்னஞ்சலில் வாங்கினோம். 3024 × 4032 பிக்சல், 35 மி.மீ. ஃபிலிமுக்கு நிகராக 26 மி.மீ. லென்ஸ். இந்த நிகர் மதிப்பு வழக்கமாக மூலைவிட்டத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், 4:3 படத்தில் நீளப் பக்கம் 36 மி.மீ. ஆகாது, சுமார் 34.6 மி.மீ. தான். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் சென்சார் அளவை அப்படியே 36 என்று விட்டுவிட்டால் அங்கேயே கொஞ்சம் பிசகும். 26-ஐ 34.6-ஆல் வகுத்து 4032-ஆல் பெருக்கினால் பிக்சல் கணக்கில் ஃபோக்கல் லென்த் ஏறக்குறைய 3030.

அடுத்தது தூரம். இதற்கு மனித உடம்பிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. கண்ணின் ஐரிஸ் வட்டத்தின் (பாப்பாவைச் சுற்றிய நிற வளையத்தின்) குறுக்களவு ஆளுக்கு ஆள் மிகக் கொஞ்சம்தான் மாறும், சராசரியாக 11.7 மி.மீ. கைபேசியில் முகத்தின் தூரத்தைக் கணிக்கும் கூகுளின் மீடியாபைப் கருவியும் இந்த அளவைத்தான் நம்பியிருக்கிறது. எங்கள் படத்தில் ஐரிஸ் 64 பிக்சல் அகலம். 3030 × 11.7 ÷ 64, சுமார் 554 மி.மீ. அதாவது கேமரா கண்ணிலிருந்து 55 செ.மீ. தூரத்தில் இருந்திருக்கிறது.

மூக்கு நுனி கண்ணைவிட முன்னே இருப்பதால் அது 52 செ.மீ. தொலைவில், காது அதற்கும் 12 செ.மீ. பின்னால் 64 செ.மீ. தொலைவில். 64-ஐ 52-ஆல் வகுத்தால் 1.23. காதோடு ஒப்பிட்டால் மூக்கு 23 சதவீதம் பெரிதாகப் பதிவாகியிருக்கிறது. இதே ஆளை 2 மீட்டரில் எடுத்திருந்தால் வித்தியாசம் 6 சதவீதம். நாம் ஒருவரை எதிரே நின்று பார்த்துப் பழகும் தூரமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும், மனதில் பதிந்திருக்கும் முகமும் அந்தத் தூரத்து முகம்தான்.

நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் இந்தப் படம் தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தது என்று தானாகவே வைத்துக்கொண்டிருந்தது. அதனால் லென்ஸ் செய்த கோணலை எல்லாம் முகத்தின் வடிவமாகப் படித்துவிட்டது. மூக்கு அகலம், கன்னம் ஒடுக்கம், காது பின்னால் போய் ஒளிந்துகொண்டது, தலை பின்பக்கம் சுருங்கி ஒரு ஆப்பு மாதிரி ஆகிவிட்டது. முப்பரிமாணக் காட்சியில் 26 மி.மீ. கேமராவை 55 செ.மீ. தூரத்தில் வைத்து, படத்தைப் பின்னால் நிறுத்தி, தலையைப் புதிதாகப் பொருத்தத் தொடங்கினோம். கண் ஓரங்கள், மூக்கடி, உதட்டு ஓரங்கள், காதின் மேல்முனை, கீழ்மடல், முடி தொடங்கும் கோடு. காதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். பலர் காதை விட்டுவிடுவார்கள், ஆனால் நேர்படத்தில் ஆழத்தைப் பற்றி நம்பகமாகச் சொல்லும் ஒரே பாகம் அதுதான். பொருத்தி முடித்து, கேமராவை 85 மி.மீ. லென்ஸோடு 2 மீட்டர் பின்னே கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் முகம் விரிந்து, கன்ன எலும்பு இடத்துக்கு வந்தது. அதற்கு முன் பார்த்த தலையை மறுபடி திறந்து பார்க்கவே பிடிக்கவில்லை.

நிழலைச் சாட்சிக்கு அழைப்பது

நேர்படத்திலிருந்து மூக்கின் உயரத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்திருந்தால் முடியும், ஓரளவுக்கு. இந்தப் படத்தில் அவர் ஒரு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் ஜன்னலின் செவ்வகப் பிரதிபலிப்பு தெரிந்தது. அது எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் ஜன்னல் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கணிக்கலாம். அதே திசையில் காட்சிக்குள் ஒரு செவ்வக விளக்கை வைத்தோம். சாம்பல் தலையை ரெண்டர் செய்து, அதாவது கணினியால் படமாக்கி, மூக்கின் நிழல் கன்னத்தில் எங்கே முடிகிறது என்று படத்தோடு ஒப்பிட்டோம். ஜன்னல் பெரிய விளக்கு என்பதால் நிழலின் ஓரம் மங்கலாக இருக்கும், அந்த மங்கலின் நடுக்கோட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் தலையில் நிழல் குட்டையாக விழுந்தது. மூக்குத் தண்டை மெல்ல மெல்ல உயர்த்தியபோது நிழல் நீண்டு படத்தில் இருந்த இடத்துக்கு வந்தது. புருவ எலும்பின் முனைப்பு, கீழுதட்டுக்கு அடியில் உள்ள குழி, இவற்றையும் இப்படியே நிழலை வைத்துச் சரிசெய்தோம்.

தாடையையும் பின்மண்டையையும் நிழல் சொல்லாது. இங்கேதான் பக்கவாட்டுப் படம் ஒன்று கேட்டோம். வீட்டில் இருப்பவர் யாராவது 2 மீட்டருக்கு மேல் தள்ளி நின்று, கைபேசியின் ஜூம் லென்ஸில், நேரடி வெயில் இல்லாத இடத்தில், வாயை மூடி எந்தப் பாவனையும் இல்லாமல் எடுக்கச் சொன்னோம். வந்தது. மூக்கு ஏறக்குறைய நிழல் சொன்ன இடத்திலேயே இருந்தது, அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். தாடை சராசரித் தலையில் இருந்ததைவிடப் பின்வாங்கி இருந்தது, தாடைக்கும் கழுத்துக்கும் இடையே தோல் தளர்ந்து ஒரு சாய்வு இருந்தது. அந்தச் சாய்வைப் போட்டதும் வயது வந்து உட்கார்ந்தது. சுருக்கம் எதுவும் வரைவதற்கு முன்பே.

இன்னொன்று, முகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. இவருக்கு ஒரு புருவம் மேலே, ஒரு கண் இமை சற்றுக் கனம், வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்தபடி இருக்கும். தானியங்கி மென்பொருள்கள் இதையெல்லாம் சமன் செய்யப் பார்க்கும், சிற்ப மென்பொருளில் வேலை செய்பவர்களும் பழக்கத்தில் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே செதுக்கும் வசதியை இயக்கிவிட்டு மறந்துவிடுவார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அதை அணைத்தே ஆக வேண்டும். அணைப்பதற்கு முன் எது வலது, எது இடது என்று உறுதிப்படுத்த வேண்டும். சில கைபேசிகள் செல்ஃபியைக் கண்ணாடி பிம்பமாகவே சேமிக்கும். இவருக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது, எந்தக் கன்னம் என்று நேராகவே கேட்டுத் தெரிந்துகொண்டோம். படம் திரும்பித்தான் இருந்தது.

இந்த நிலையில் சாம்பல் தலையை, அதேபோல வண்ணமில்லாத வேறு சில பெண்களின் தலைகளோடு கலந்து வைத்து, அவரோடு மேடையில் நடித்தவர்களிடம் காட்டினோம். தயக்கமில்லாமல் சரியானதைத் தொட்டார்கள்.

வலியில் சிரித்த முகம்

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, மற்றவர்கள் அதிகம் பேசாததும் இதுதான்.

செல்ஃபி எடுக்கும்போது யாரும் வெறுமையாக முகத்தை வைத்துக்கொள்ள மாட்டார்கள். இவருடைய உதட்டிலும் ஒரு மெல்லிய சிரிப்பு இருந்தது, பார்த்தால் சிரிப்பு என்றே தோன்றாத அளவுக்கு மெல்லியது. கைபேசியைச் சற்று உயர்த்திப் பிடித்திருந்ததால் புருவமும் கொஞ்சம் தூக்கி இருந்தது. பார்வை லென்ஸில் இல்லை, திரையில் தன் முகத்தின் மேல் இருந்தது, அதனால் மேலிமை இயல்பைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. இவை எல்லாம் சேர்ந்து தலையின் இயல்பு நிலை என்று பதிவாகிவிட்டன.

அசையாத தலையில் இது தெரியாது. வலியைப் போட்டதும் தெரிந்தது. 1978-ல் பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் இருவரும் முகத்தின் அசைவுகளைத் தசை வாரியாகப் பிரித்து எண் கொடுத்து ஒரு முறையை வெளியிட்டார்கள், இன்றைக்கும் அனிமேஷன் ரிக்குகளின், அதாவது முகத்தை அசைக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகளின், அடிப்படை அதுதான். அந்த முறையில் வலியின் முக்கிய அசைவுகள்: புருவம் கீழிறங்குவது 4, கன்னம் உயர்வது 6, இமை இறுகுவது 7, மூக்குச் சுருங்குவது 9, மேலுதடு உயர்வது 10, கண் மூடுவது 43. மனம் நிறைந்த சிரிப்பில் என்ன நடக்கும்? உதட்டு ஓரம் மேலே இழுபடுவது 12, அதோடு கன்னம் உயர்வது 6. அந்த 6 இரண்டுக்கும் பொது. இயல்பு நிலையில் ஏற்கனவே கொஞ்சம் 12 கலந்திருக்கும் ஒரு தலையில், வலிக்காக 6-ஐ ஏற்றினால் கண் சுருங்கி, கன்னம் ஏறி, உதட்டு ஓரம் மேலே நிற்கும். நெஞ்சு வலியோடு வந்தவர் சிரிக்கிறார். மருத்துவ மாணவருக்குக் காட்ட வேண்டிய முகமா இது? அனிமேஷன் செய்தவர் வலியின் அளவைக் கூட்டக் கூட்டச் சிரிப்பும் கூடிக்கொண்டே போனது. அவர் தன் கீஃப்ரேம்களை, அதாவது அசைவுக்கு அவர் குறித்து வைத்த நிலைகளை, சந்தேகித்துக்கொண்டிருந்தார், பாவம். அவர் செய்ததில் எந்தக் குறையும் இல்லை, கீழே இருந்த இயல்பு நிலைதான் இயல்பாக இல்லை.

தீர்வு, பாவனையையும் வடிவத்தையும் பிரித்துப் பொருத்துவது. ஃபிளேம் போன்ற மாதிரிகளில் பாவனைக்குத் தனி எண்கள் இருப்பதன் அருமை இங்கேதான் புரியும். தலையின் ரிக்கில் இருந்த சிரிப்பு பிளெண்ட்ஷேப்பை (ஏற்றி இறக்கக்கூடிய தயார் முக வடிவத்தை) சிறு அளவில் ஏற்றி, புருவத் தூக்கலையும் ஏற்றி, அந்த நிலையில் படத்தோடு பொருந்தும்படி வடிவத்தை மறுபடி செதுக்கி, பிறகு பாவனைகளைப் பூஜ்யத்துக்கு இறக்கினோம். கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் உதட்டு ஓரத்தில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அவருடைய பிறவி அமைப்பு என்று ஒரே படத்தை வைத்துச் சொல்வது மிகக் கடினம். பக்கவாட்டுப் படத்தில் வாய் ஓய்வாக இருந்ததால் தப்பித்தோம். மூக்கிலிருந்து உதட்டு ஓரத்துக்கு வரும் மடிப்பு செல்ஃபியில் ஆழமாகவும் பக்கவாட்டுப் படத்தில் ஆழம் குறைந்தும் இருந்தது, அந்த வித்தியாசம்தான் சிரிப்பின் அளவைக் காட்டிக்கொடுத்தது.

நெற்றிக் கோடுகளுக்கும் இதே விசாரணை. புருவம் தூக்கியதால் வந்த கோடு எது, வயதால் நிரந்தரமாகப் பதிந்த கோடு எது என்று பிரித்து, முதல் வகையை அசைவோடு வந்து போகும் நார்மல் மேப்புக்கு (மேடு பள்ளம் இருப்பதுபோலக் காட்டும் படத்துக்கு) மாற்றினோம், இரண்டாவது வகை மட்டும் தோலில் நின்றது. எல்லாக் கோடுகளையும் தோலிலேயே விட்டிருந்தால் அவர் புருவத்தை நெறிக்கும்போது மேலே தூக்கிய கோடுகளும் சேர்ந்து தெரிந்திருக்கும், அப்படி ஒரு நெற்றி யாருக்கும் கிடையாது.

தோல்

முகம் 55 செ.மீ. தூரத்தில் 766 பிக்சல் அகலம்தான் இருந்தது. தோலின் துளைகள் அதில் இல்லவே இல்லை, இருந்ததையும் கைபேசியில் படத்தை மழமழப்பாக்கும் வசதி வழித்துவிட்டிருந்தது. இதை 4096 பிக்சல் டெக்ஸ்சராக, அதாவது தலைமேல் ஒட்டும் தோல் படமாக, பெருக்குவதால் புதிதாக ஒன்றும் வந்துவிடாது. படத்திலிருந்து எடுக்க முடிந்தது நிறத்தின் பெரிய போக்குகள், மச்சம், கண்ணுக்கு அடியில் உள்ள கருமை, உதட்டு ஓரத்து நிறமாற்றம். துளைகளும் நுண்வரிகளும் ஸ்கேன் செய்யப்பட்ட மேப்களிலிருந்து எடுக்கப்பட்டவை, அதுவும் ஏறக்குறைய அதே வயதுடையவரின் தோலிலிருந்து. இருபத்தைந்து வயது கன்னத்தின் துளைகளை அறுபது வயது முகத்தில் வைத்தால் ஒப்பனை போட்ட மாதிரி ஒரு பொய் தெரியும். வயதான தோலில் துளைகள் இழுபட்டு நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக மாறியிருக்கும்.

வெளிச்சத்தைக் கழிக்க, நிழலுக்காக முன்பே செய்து வைத்த விளக்கு உதவியது. சாம்பல் தலையை அதே ஜன்னல் வெளிச்சத்தில் ரெண்டர் செய்து, புகைப்படத்தை அந்த ரெண்டரால் வகுத்தால் நிழல் போய் நிறம் மட்டும் மிஞ்சும். ஒரு எச்சரிக்கை, இந்த வகுத்தலை லீனியர் மதிப்பில், அதாவது உண்மையான ஒளி அளவில், செய்ய வேண்டும். திரையில் பாதி வெளிச்சம் போலத் தெரியும் 0.5 என்ற மதிப்பு உண்மையில் 0.21 அளவு ஒளிதான். மாற்றாமல் வகுத்தால் நிழல் இருந்த பக்கம் அழுக்காக வரும். மாற்றிச் செய்தாலும் சுத்தமாக வராது, ஏனென்றால் கைபேசி தானாகவே நிழலைத் தூக்கி வெளிச்சத்தை அமுக்கி, இடத்துக்கு இடம் வேறு மாதிரி திருத்தி வைத்திருக்கும். மிச்சத்தைக் கையால் வரைந்துதான் சரிசெய்தோம். நெற்றி, மூக்கு நுனி, கன்ன மேட்டில் இருந்த எண்ணெய்ப் பளபளப்பை வகுப்பதற்கு முன்பே நீக்க வேண்டும், அது தோலின் நிறமே கிடையாது, ஜன்னலின் நிறம்.

பிறகு தோலின் உண்மையான நிறம். அவர் நல்ல கருத்த நிறம். செல்ஃபி அவரை வெளுப்பாகக் காட்டியது, பல கைபேசிகள் முன்கேமராவில் கேட்காமலேயே செய்யும் வேலை இது. படத்தின் நிறத்தை அப்படியே எடுத்திருந்தால் வேறு ஒரு பெண்ணைத்தான் செய்திருப்போம், அவருடைய நிறத்தை நாங்களாக மாற்றும் உரிமை எங்களுக்கு இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தபடி, அழகூட்டும் வசதிகளை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டோம். காகிதத்தை ஆதாரமாக வைத்து நிறத்தையும் வெளிச்ச அளவையும் சரிசெய்தோம்.

கருத்த தோலை ரெண்டர் செய்வதில் ஒரு அடிப்படை இருக்கிறது. தோலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.4, அதன்படி நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 2.8 சதவீதம் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். இது எந்த நிறத் தோலுக்கும் ஒன்றுதான். மாறுவது உள்ளே போய்த் திரும்பி வரும் ஒளியின் அளவு. கருத்த தோலில் மெலனின் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால், மேற்பரப்புப் பளபளப்பின் பங்கு ஒப்பீட்டளவில் கூடுகிறது. எனவே எங்கே எண்ணெய், எங்கே வறட்சி என்று சொல்லும் ரஃப்னெஸ் மேப்தான் இந்த முகத்துக்கு உயிர். அதில் செலவிட்ட நேரம் நிற மேப்பில் செலவிட்டதைவிட அதிகம். சப்சர்ஃபேஸ் ஸ்கேட்டரிங்கும் அப்படியே. தோலுக்குள் ஒளி பரவுவதை நடைமுறையில் கணக்கிடும் வழியை ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடைய குழுவினரும் 2001-ல் கொடுத்தார்கள், இன்றைய மென்பொருள்களில் இருப்பதெல்லாம் அதன் வாரிசுகள். ஆனால் அவற்றோடு வரும் தயார் அமைப்புகள் பல வெளிர் தோலுக்கு ஏற்றவை. அவற்றை அப்படியே போட்டால் காது ஓரமும் நிழல் விளிம்பும் ஆரஞ்சு நிறத்தில் மின்னும், முகம் மெழுகு ஆகிவிடும். சிவப்பின் பரவலைக் குறைத்து, நிறத்தை மேல் அடுக்கிலேயே நிறுத்தியதும் தோல் தோலாகத் தெரிந்தது.

கண்ணும் மற்றவையும்

கண்விழி சுமார் 24 மி.மீ. உருண்டை, முன்னே கார்னியா என்ற கண்ணாடி போன்ற பகுதி சற்றுப் புடைத்திருக்கும், ஐரிஸ் அதற்குப் பின்னால் உள்ளே இருக்கும். படத்திலிருந்து எடுத்த கண்ணை விழியின் மேல் ஒட்டுவது கூடவே கூடாது, ஜன்னலின் பிரதிபலிப்பும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு, கண் எங்கே திரும்பினாலும் அந்த ஜன்னலும் கூடவே திரும்பும். ஐரிஸின் நிறத்தை மட்டும் எடுத்தோம். வயதானவர்களில் பலருக்கு ஐரிஸின் ஓரத்தில் ஒரு வெளிறிய வளையம் இருக்கும், இவருக்கும் இருந்தது, அதைச் சேர்த்தோம். வெள்ளை விழி வெள்ளை கிடையாது, ஓரங்களில் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும், மேலிமையின் நிழல் அதன் மேல் விழ வேண்டும். கீழிமை விளிம்பில் கண்ணீரின் ஈரக்கோடு வேண்டும். இமை விளிம்புக்குத் தடிமன் வேண்டும். இவை இல்லாத கண் செருகி வைத்த பளிங்குக் குண்டாகத் தெரியும்.

பல் படத்தில் தெரியவில்லை. தயார் பற்கள் எல்லாம் விளம்பரப் பற்கள், அவற்றை இந்த முகத்தில் போட மனம் வரவில்லை. அவரிடம் கேட்டு, தேய்மானமும் மஞ்சளும் சிறு இடைவெளிகளும் சேர்த்தோம். தலைமுடியைத் தானியங்கி மென்பொருள் தலைமேல் வரைந்த தொப்பியாகக் கொடுத்திருந்தது, அதை நீக்கிவிட்டு இழை இழையாக வைத்தோம், நெற்றி ஓரத்துக் குட்டை முடிகளோடும் நரையோடும். நேரம் குறைவாக இருக்கிறது என்றால் தலைமுடியை விட்டுவிட்டுப் புருவத்தைக் கவனியுங்கள், ஆளை அடையாளம் காட்டுவதில் புருவத்தின் பங்கு பெரியது.

பார்த்தவர்கள் சொன்னது

முடித்த தலையை ஜன்னல் வெளிச்சத்தில், மேலிருந்து விழும் மருத்துவமனை வெளிச்சத்தில், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். அவருடைய குடும்பத்தினர் "அவங்களேதான்" என்றார்கள். அவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு "எல்லாம் சரி, ஆனா எங்கேயோ இடிக்குது" என்றார். படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டினோம், "ஆங், இதுதான் நான்" என்றார். நாம் நம்மைக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவர்கள், மற்றவர்கள் நம்மை நேரில் பார்த்துப் பழகியவர்கள். ஆட்கள் தங்கள் படத்தின் கண்ணாடி பிம்பத்தையும், அவர்களின் நண்பர்கள் நேர்ப் படத்தையும் விரும்புவதை 1977-லேயே ஒரு உளவியல் ஆய்வு காட்டியிருக்கிறது. முகம் முழுக்கச் சமச்சீராக இருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அந்த இடவல வேறுபாட்டை விடாமல் பிடித்ததால்தான் அவருக்கு இடித்தது. மாணவர்கள் பார்க்கும் தலையில் மற்றவர்கள் பார்க்கும் பக்கத்தையே வைத்தோம், காரணத்தைச் சொன்னதும் அவரும் ஒத்துக்கொண்டார்.

வலிக் காட்சியை மருத்துவர்களிடம் காட்டினோம். வலியின் மூன்று நிலைகளையும் ஒலி இல்லாமலேயே பிரித்துச் சொன்னார்கள். உச்ச நிலையில் மூக்குச் சுருக்கம் கொஞ்சம் அதிகம் என்றார் ஒருவர், குறைத்தோம்.

ஒப்பந்தத்தில் இருந்தபடி தலை இந்தப் பயிற்சிக்கு மட்டும்தான், வேறு பாத்திரத்துக்கோ விளம்பரத்துக்கோ கொடுக்க முடியாது, அவர் எழுத்து மூலம் சம்மதிக்காத வசனத்தை அந்த முகம் பேச வேண்டுமென்றால் மறுபடி அவரிடம் கேட்க வேண்டும். மூலப் படங்கள் மூன்றையும் வேலை முடிந்ததும் அழித்தோம். ஒரு முகத்தை இவ்வளவு நெருக்கமாகக் கட்டிய பிறகு இந்த நிபந்தனைகள் எனக்கு வெறும் காகிதமாகத் தெரியவில்லை, எழுதாமல் விட்டிருந்தால் நானே கேட்டு எழுத வைத்திருப்பேன்.

இன்னும் திருப்தி தராத இடம் கழுத்து. வலியில் அவர் எச்சில் விழுங்கும்போது தொண்டை மேலே ஏறி இறங்க வேண்டும், தளர்ந்த தோல் அதன் மேல் சறுக்க வேண்டும். இப்போதைக்கு இரண்டும் ஒன்றாக அசைகின்றன. தோலுக்கும் உள்ளே இருக்கும் குருத்தெலும்புக்கும் தனித்தனி ரிக் வைத்துப் பார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது, அது முடியும்வரை அந்தக் காட்சியில் கேமராவைத் தாடைக்கு மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.